கம்பி இறங்கும் ஆழம்

அம்கா ஆற்றுக்கு இப்பால்,
செப்டம்பர் பத்தாம் தேதி, ஆண்டு தவறாமல்,
மிச்சில் ஓர் இரும்புக் கம்பியோடு
வீட்டுக்குப் பின்னால் போகிறார்.

முதலில் காட்டுக்குள்.
லார்ச் மரத்தடியில், பாசியை விலக்காமல் குத்துகிறார்.
இரண்டு முழம் இறங்கி
டங்கென்று நிற்கிறது.
அங்கே தொடங்குகிறது
மாமூத்துகள் நடந்த நாள் முதல்
உருகாத நிலம்.

பிறகு வயலில்.
கம்பி நிற்கவேயில்லை.
கைப்பிடி வந்து சேற்றில் முட்டுகிறது.
“இன்னும் நீளமாய் ஒன்று வாங்கு”
என்கிறாள் துயாரா.

இதில் மாயமில்லை.
கோடையில் முப்பத்தைந்து டிகிரி கொளுத்துகிற ஊர்,
ஜனவரியில் துப்பிய எச்சில்
தரை தொடுமுன் கல்லாகிற ஊர்.
இரண்டு பருவங்களுக்கும் நடுவே
ஒரு சாண் பாசிதான் சுவர்.
மழையை நம்பினால்
இங்கே புல்லுக்கு மேல் எதுவும் நிற்காது.
ஜூலையில் அடிமண் கொஞ்சம் உருகி
வேரின் வாயை நனைக்கும்.
பனிக்கட்டி மரத்துக்குத் தண்ணீர் தந்தது,
மரம் பனிக்கட்டிக்கு நிழல் தந்தது.
யார் யாருக்குக் கடன் என்று
பத்தாயிரம் ஆண்டுகளாய்
எவரும் பேரேட்டைத் திறக்கவில்லை.

திறந்தது மிச்சில்தான்.
எழுபத்தொன்பதில், இருபது வயதில்,
அரசுப் பண்ணைக்கு உருளைக்கிழங்கு வேண்டியிருந்தது.
டிராக்டரில் சங்கிலி கட்டி
லார்ச்சை வேரோடு பிடுங்கினார். பாசியைச் சுருட்டி எரித்தார்கள்.
புகை இனிப்பாய் இருந்ததாம்.

மூன்று வருடம் நல்ல விளைச்சல்.
அவர் படம் செய்தித்தாளில்கூட வந்தது.
நாலாம் வருடம்
உழுசால் ஒன்று நடுவில் முறிந்தது.
கீழே பனிக்கட்டி இருந்த இடமெல்லாம் பள்ளம்,
இல்லாத இடம் மேடு.
இப்போது வயல் என்பது
முதுகைக் காட்டிப் படுத்திருக்கும் நூறு ஆமைகள்.

வீடும் ஒருக்களித்துப் படுக்கப் பார்க்கிறது.
ஜூனில் சாத்தும் கதவு ஆகஸ்டில் சாத்தாது.
கோப்பைக்குள் தேநீர் மட்டும்தான்
அங்கே மட்டமாய் நிற்கிறது.

ஆனால் ஒன்று.
துயாராவின் பசுக்கள் மேய்கிற
வட்டப் புல்வெளி இருக்கிறதே,
நடுவில் ஏரி வைத்து,
ஊரே வைக்கோலுக்கு நம்பியிருக்கும் அந்தப் பள்ளம்,
அதுவும் எப்போதோ இதேபோல் இடிந்ததுதான்.
கோடரி பிறக்காத காலத்தில்.
எனில் எதற்கு அழுவது என்று கேட்டேன்.
பால்வாளியைக் கீழே வைக்காமல் சொன்னாள்:
“அதற்குப் பல ஆயிரம் வருஷம் பிடித்தது.
இதற்கு என் கல்யாணத்திலிருந்து இன்றுவரை.”

மிச்சில் என்றால் அவர்கள் மொழியில் புன்னகையாம்.
என் மொழியில்
உண்டபின் எஞ்சுவது.
இரண்டையும் அவரிடம் சொன்னேன்.
இரண்டாவதற்குத்தான் சிரித்தார்.

வயலின் வடமூலையில், ஒரு கட்டில் அகலத்துக்கு,
ஆறு வருடமாய்ப் பாசி போர்த்துகிறார்.
ஈரச் சாக்கில் காட்டிலிருந்து சுமந்து,
கிழிந்த இடத்தில் ஒட்டுப்போட்டு.
பாதி காய்ந்து பறந்துபோகும். மறுபடியும் சுமப்பார்.
இடையே பிர்ச் கன்றுகள் ஏழெட்டு
தாமாய் வந்திருக்கின்றன,
அழைக்காத விருந்தாளிகள்,
முழங்கால் உயரம்.

கடைசிக் குத்து அங்கே.
கைப்பிடிக்குக் கீழே
இரண்டு விரற்கடை வெளியில் நிற்கிறது கம்பி.
போன வருடம் நிற்கவில்லை.

நோட்டில் எழுதுகிறார். பக்கத்திலேயே இதையும்:
‘குளிர்காலத்தில் வெண்பனி குறைவு.
மூடாத மண்ணுக்குள் குளிர் சுலபமாய் இறங்கும்.
அதனாலும் இருக்கலாம்.’

பிறகு கம்பியை உருவி,
யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து,
நுனியைக் கன்னத்தில் வைத்துப் பார்க்கிறார்.

“முகமெல்லாம் சேறு” என்கிறாள் துயாரா.
அவர் துடைக்கவில்லை.